கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877 – 1947): வாழ்வும் கலைப்பணியும்



க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், இலக்கியம் என்பவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒன்றை எடுத்தவுடன் மற்றவை நமக்கு உரியவை அல்ல என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. சித்திரம் படிப்பவரிடம் தாளத்தைப் பற்றிக் கேட்டால் அது சங்கீதப் பிள்ளைகளின் வேலை என்கிறார். நடனம் படிப்பவரிடம் கோயில் சிற்பத்தைப் பற்றிக் கேட்டால் அது வரலாற்றுப் பாடத்தில் வருவது என்கிறார்.

ஒருநாள் எமது வகுப்பில் மாணவி ஒருவர் எழுந்து, இந்தப் பாடங்கள் எல்லாம் புள்ளிக்காகப் படிப்பவைதானே, இவற்றால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்டார். நேர்மையான கேள்வி. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள மதிப்பு அழகியற் பாடங்களுக்கு இல்லை என்பதை வீட்டிலும் வெளியிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கேள்வி. அன்று என்னால் முழுமையான விடை சொல்ல முடியவில்லை. பின்னர் யோசித்தபோது, அந்தக் கேள்விக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு விஞ்ஞானி. கல்லை ஆராய்வதற்காக இலங்கைக்கு வந்தவர், கலையை ஆராய்பவராகத் திரும்பிச் சென்றார். அவரே கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய வாழ்க்கையை இப்பகுதியில் படிப்படியாகப் பார்ப்போம். ஆண்டுகளை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், ஏன், எதற்காக என்ற கேள்விகளையும் கேட்டுக்கொண்டு வாசியுங்கள்.

1. பிறப்பும் குடும்பப் பின்னணியும்

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவர். சட்டநிரூபண சபை உறுப்பினராக விளங்கியவர். 1863 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திரன் கதையைக் கூறும் தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். அரசியலில் புகழ்பெற்ற சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். எனவே அவ்விருவரும் ஆனந்த குமாரசுவாமிக்கு மைத்துனர் முறையினர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். கெந்திஷ் என்ற பெயர் அந்தப் பிரதேசத்தின் நினைவாகவே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. தாயும் குழந்தையும் இங்கிலாந்துக்குச் சென்றிருந்த வேளையில், அவர்களுடன் போய்ச் சேர இருந்த தந்தையார் 1879 ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் காலமானார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. இதனால் ஆனந்த குமாரசுவாமி தாயின் நாட்டிலேயே வளர்ந்தார். தந்தையின் மொழியும் சமயமும் ஊரும் அவருக்குப் பிறப்பிலே கிடைத்தும் வளர்ப்பிலே கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவர் தேடித் தேடிப் படித்தவற்றுக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு உண்டு என்று கருதலாம்.

2. விஞ்ஞானக் கல்வியும் இலங்கை வருகையும்

குளோஸ்ரர்ஷயர் பகுதியிலுள்ள விக்கிளிஃப் கல்லூரியில் பாடசாலைக் கல்வியைப் பெற்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்று 1900 ஆம் ஆண்டில் பட்டதாரியானார். 1902 ஆம் ஆண்டில் எதெல் மேரி பார்ட்றிஜ் என்பவரைத் திருமணம் செய்தார். எதெல் புகைப்படம் எடுப்பதிலும் கைப்பணிகளிலும் ஈடுபாடு கொண்டவர்.

1903 முதல் 1906 வரை ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராகக் கடமையாற்றினார். செரண்டிபைற் என்ற கனிப்பொருளை வேறோர் அறிஞருடன் இணைந்து உலகுக்கு அறிமுகம் செய்தார். 1904 ஆம் ஆண்டில், இரத்தினக்கற்கள் கிடைக்கும் சரளை மண்ணிலிருந்து பெறப்பட்ட கதிரியக்கம் உடைய கனிப்பொருள் ஒன்றை இனங்கண்டார். தோரியம் மிகுந்த அக்கனிப்பொருள் தோரியனைற் எனப்படுகிறது. அவருடைய ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

இங்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஞ்ஞானம் கைகொடுக்காதபடியால் கலைப்பக்கம் ஒதுங்கியவர் அல்லர் அவர். விஞ்ஞானத்தில் பேர் பெற்ற பின்னரே கலைத்துறைக்கு வந்தார். கல்லை உற்றுநோக்கி வகைப்படுத்தி ஆதாரத்துடன் முடிவு சொல்லும் அதே ஒழுங்கைப் பின்னர் சிலைகளையும் ஓவியங்களையும் ஆராய்வதற்குப் பயன்படுத்தினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் விஞ்ஞானம் படிப்பார்கள், மற்றவர்கள் கலை படிப்பார்கள் என்று எண்ணுபவர்கள் இந்த வாழ்க்கையை ஒருமுறை படிப்பது நல்லது.

3. கல்லைத் தேடியவர் கலையைக் கண்டார்

கனிப்பொருள் அளவைக்காக அவர் மலைநாட்டுக் கிராமங்களெல்லாம் அலைய வேண்டியிருந்தது. எதெலும் உடன் சென்றார். அக்கிராமங்களில் இருவரும் கண்டவை பாறைகள் மாத்திரம் அல்ல. பித்தளை வார்ப்போர், அரக்கு வேலை செய்வோர், பாய் இழைப்போர், நெசவாளர், மரத்தில் செதுக்குவோர், விகாரைச் சுவர்களில் ஓவியம் தீட்டுவோர் எனப் பரம்பரைக் கைப்பணியாளர் பலரைக் கண்டார்கள். அவர்களுடைய தொழில் நலிந்து கொண்டிருந்ததையும் கண்டார்கள்.

இந்நலிவுக்கான காரணங்களை விளங்கிக்கொள்வது அவசியம். கண்டி இராச்சியத்தில் கைப்பணியாளர் தமது சேவைக்கு ஈடாக அரசனிடமிருந்தும் விகாரைகளிடமிருந்தும் நிலம் பெற்றிருந்தனர். வயிற்றுப்பாட்டுக்கு நிலம் இருந்தபடியால் ஒரு வேலையை அவசரப்படாமல் செம்மையாகச் செய்ய அவர்களால் முடிந்தது. 1815 ஆம் ஆண்டில் கண்டி பிரித்தானியர் வசமானதும் அரச ஆதரவு அற்றுப்போனது. இறக்குமதியான மலிவான இயந்திரப் பொருள்கள் சந்தையை நிரப்பின. வசதி படைத்தவர்களும் ஐரோப்பிய முறையையே உயர்வாக மதித்தனர். இவ்வாறு நிலம், சந்தை, மதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போக, கைப்பணியாளரின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகினர்.

ஆனந்த குமாரசுவாமி இதைப் பார்த்துக் கவலைப்படுவதோடு நின்றுவிடவில்லை. 1905 ஆம் ஆண்டில் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய விகாரைகளும் கட்டடங்களும் பொறுப்பின்றித் திருத்தப்பட்டு அழகு கெடுவதைச் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். ஐரோப்பிய நடை உடை பாவனைகளை யோசனையின்றிப் பின்பற்றுவதை அச்சங்கம் கண்டித்தது. சிங்களமும் தமிழும் பாடசாலைகளில் உரிய இடம் பெற வேண்டும் என்றும் அவர் வாதாடினார். இங்கிலாந்தில் வளர்ந்து ஆங்கிலத்திலேயே எழுதிய ஒருவர் சுதேச மொழிகளுக்காகப் பேசினார் என்பது குறிப்பிடத்தக்கது.

4. மத்தியகால சிங்களக் கலை (1908)

கிராமங்களில் சேகரித்த தகவல்களைக் கொண்டு அவர் எழுதிய பெருநூலே மத்தியகால சிங்களக் கலை. பெயர் அவ்வாறு இருந்தாலும், 18 ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தில் நிலைத்திருந்த கலைகளையும் கைப்பணிகளையுமே அது பெரும்பாலும் விவரிக்கிறது. நூலுக்கு வேண்டிய புகைப்படங்கள் பலவற்றை எதெல் எடுத்தார். பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறி நெசவுக் கலைஞராக விளங்கியவரும் இவரே.

இந்நூல் அச்சிடப்பட்ட விதமும் ஒரு பாடம். கைப்பணியைப் பற்றிய நூல் இயந்திரத்தில் அவசரமாக அச்சாவதை அவர் விரும்பவில்லை. இங்கிலாந்தின் புறோட் கம்டன் என்ற ஊரில் தமது இல்லத்திலே, முன்னர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், 1907 ஆம் ஆண்டு தொடங்கி 1908 ஆம் ஆண்டு வரை தமது மேற்பார்வையில் அச்சிடுவித்தார். மொத்தம் 425 பிரதிகளே அச்சாகின. சொன்னதைத் தாமே செய்து காட்டினார் என்று இதனைக் கொள்ளலாம்.

நூலின் மையக் கருத்து எளிமையானது. ஓவியம், சிற்பம் என்பன மாத்திரம் கலை, பாயும் பானையும் வெறும் பொருள்கள் என்ற பிரிவினை கண்டிக் கலைஞரிடம் இருக்கவில்லை. வழிபாட்டுக்குரிய சிலைக்கும் வீட்டுப் பாவனைக்குரிய பாத்திரத்துக்கும் ஒரே அக்கறை காட்டப்பட்டது. தந்தை வழியில் தமிழரான ஒருவர் சிங்கள மக்களின் கலையை இத்தனை மதிப்போடு பதிவு செய்தார் என்பதையும் கவனியுங்கள். ஒரு கலையை மதிப்பதற்கு அது நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை. விளங்கிக்கொள்ளும் விருப்பம் இருந்தால் போதும்.

5. ஒரு விமர்சனமும் அதன் விளைவும் (1910)

விமர்சனம் எவ்வாறு அமையக் கூடாது என்பதற்கு உதாரணமாக அமைந்த சம்பவம் ஒன்று 1910 ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்தது. கல்கத்தா கலைக் கல்லூரியின் அதிபராக இருந்த ஈ. பி. ஹாவெல், கலைச் சங்கம் ஒன்றிலே இந்தியக் கலையைப் பற்றி உரையாற்றினார். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட். இந்தியாவின் கைத்தொழில்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய அவர் விடயம் அறியாதவர் அல்லர். ஆயினும் இந்தியாவில் உயர்கலை என்று ஒன்று கிடையாது என்பது அவர் கருத்து. தியானத்தில் அமர்ந்திருக்கும் யாவாத் தீவுப் புத்தர் சிலையின் படம் ஒன்றைக் குறித்துப் பேசும்போது, கொழுப்புச் சேர்த்து அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டு அதனை எள்ளி நகையாடினார்.

ஓவியர்களும் கலை விமர்சகர்களுமாக 13 பேர் இதனைக் கண்டித்து இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். அதே ஆண்டில் இந்தியக் கலையை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்யும் நோக்குடன் இந்தியச் சங்கம் இலண்டனில் உருவானது. அதனைத் தோற்றுவித்தோருள் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர்.

பேர்ட்வூட் செய்த தவறு என்ன? அவர் கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் பழகியவர். மனித உடலின் தசையும் நரம்பும் உள்ளபடி தெரிவதே நல்ல சிலை என்ற அளவுகோல் அவரிடம் இருந்தது. ஆனால் புத்தர் சிலையைச் செய்த கலைஞன் காட்ட முயன்றது உடலின் வலிமையை அல்ல, உள்ளத்தின் அமைதியை. ஒரு நோக்கத்துக்காகச் செய்த பொருளை வேறொரு நோக்கத்துக்குரிய அளவுகோலால் அளந்தபடியால் தீர்ப்புப் பிழைத்தது. கோபப்படுவதனால் மாத்திரம் இத்தகைய கருத்தை மாற்ற முடியாது என்பதை ஆனந்த குமாரசுவாமி அறிந்திருந்தார். எனவே அந்தச் சிலைகள் எவற்றைச் சொல்கின்றன என்று விளக்கும் வேலையைத் தமது வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார்.

6. கலைகள் ஒன்றுக்கொன்று உறவானவை

அவருடைய பணியில் உங்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுவே. கலைகள் தனித்தனித் தீவுகள் அல்ல என்பதை அவர் பல வழிகளில் எடுத்துக்காட்டினார்.

(அ) இசையும் ஓவியமும்: வட இந்தியாவில் அலைந்து திரிந்து அவர் சேகரித்த இராஜபுத்திர ஓவியங்களைப் பற்றிய நூல் 1916 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவரை மொகலாய ஓவியத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட இவற்றைத் தனி மரபாக அவர் எடுத்துக்காட்டினார். இவ்வகை ஓவியங்களுள் இராகமாலை ஓவியங்கள் என்று ஒரு பிரிவு உண்டு. ஒவ்வோர் இராகமும் ஒரு தலைவனாகவோ தலைவியாகவோ உருவகிக்கப்பட்டு, அதற்குரிய பொழுதும் பருவமும் உணர்ச்சியும் வண்ணத்தில் தீட்டப்படும். காதால் கேட்பதைக் கண்ணால் காணச் செய்யும் முயற்சி இது. இவற்றில் இசை, கவிதை, ஓவியம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் சந்திக்கின்றன.

(ஆ) நடனமும் சிற்பமும்: நந்திகேசுவரர் இயற்றிய அபிநய தர்ப்பணத்தை டுக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கை முத்திரைகளையும் பார்வை வகைகளையும் கூறும் இந்நூல், மேலைநாட்டவர் இந்திய நடனத்தை ஒரு முறையான மொழியாக விளங்கிக்கொள்ள உதவியது. நடனம் கற்கும் மாணவர்கள் பயிலும் பதாகமும் அபய முத்திரையும் கோயிற் சிலைகளின் கைகளிலும் இருப்பதை அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது உற்றுப் பாருங்கள். ஆடுபவரின் கை ஒரு கணத்தில் காட்டி மறைப்பதைச் சிற்பியின் கை கல்லிலும் வெண்கலத்திலும் நிலைக்கச் செய்கிறது.

(இ) சமயமும் சிற்பமும் தத்துவமும்: நடராசர் வடிவத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை முதலில் 1912 ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்ற சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் 1918 ஆம் ஆண்டில் சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றது. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டு அவர் இவ்வடிவத்தை விளக்கினார். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அபயம் காட்டும் கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய பாதம் அருளலையும் குறிக்கின்றன. இவையே ஐந்தொழில்கள். திருவடியின் கீழே கிடக்கும் முயலகன் அறியாமையின் வடிவம். சைவநெறி பயிலும் மாணவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் சைவ சித்தாந்தம் கற்றவர்கள் அறிந்திருந்ததை உலகத்துக் கலை அறிஞர் அனைவரும் அறியச் செய்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். ஒரு சோழர் கால வெண்கலச் சிலையில் நடனம், வார்ப்புக் கலை, கவிதை, தத்துவம் ஆகியன ஒன்றுகூடி நிற்கின்றன என்பதை அவர் புரியவைத்தார்.

(ஈ) பழைய கதை ஒன்று: கலைகளின் உறவை விளக்கும் கதை விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழி நூலில் வருகிறது. இந்நூலின் ஓவியம் பற்றிய பகுதியில் ஓர் அத்தியாயத்தை ஆனந்த குமாரசுவாமி மொழிபெயர்த்து ஆராய்ந்துள்ளார். வச்சிரன் என்ற அரசன் தனக்குச் சிலை வடிக்கும் கலையைக் கற்பிக்குமாறு மார்க்கண்டேய முனிவரை வேண்டினான். ஓவியம் தெரியாதவனுக்குச் சிற்பம் விளங்காது என்றார் முனிவர். ஓவியத்தைக் கேட்டபோது, நடனம் தெரிய வேண்டும் என்றார். நடனத்துக்கு வாத்திய இசையும், வாத்திய இசைக்கு வாய்ப்பாட்டும் தெரிய வேண்டும் என்றார். சிலை செய்யக் கேட்டவன் பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பாடங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு இக்கதை நல்ல நினைவூட்டல்.

7. பொஸ்டன் வாழ்க்கை

தாம் சேகரித்த ஓவியங்களை இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலை அமைத்து அங்கே வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு வேண்டிய ஆதரவு கிடைக்கவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில், இந்தியா அடிமைப்பட்டிருக்கும்போது பிரித்தானியாவுக்காகப் போரிட அவர் உடன்படவில்லை. இதனால் இங்கிலாந்தில் தங்குவதும் சிரமமாயிற்று. 1917 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராக ஏற்றுக்கொண்டது. அவருடைய சேகரிப்பும் அந்நூதனசாலையைச் சென்றடைந்தது. இறக்கும் வரை 30 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

ஒரு கலைப்பொருள் அது பிறந்த மண்ணில், அதைப் பயன்படுத்தும் மக்களிடையே இருக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அவர் தேடிச் சேர்த்த ஓவியங்களோ கடல் கடந்து போயின. அவர்மீது குற்றம் சொல்வதா, அந்த ஓவியங்களுக்கு இடம் கொடுக்காதவர்கள்மீது குற்றம் சொல்வதா? எளிதில் விடை காண முடியாத கேள்வி இது. நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

பொஸ்டனில் அவர் எழுதிய நூல்களுள் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு (1927), கலையில் இயற்கையின் மாற்றுரு (1934) என்பன முக்கியமானவை. புத்தர் சிலை கிரேக்கரின் செல்வாக்கினால் காந்தாரத்தில் தோன்றியது என்பது பிரெஞ்சு அறிஞர் பூஷேயின் கருத்து. இந்திய மண்ணிலேயே இருந்த இயக்கர் சிலை மரபிலிருந்து மதுராவில் அது தோன்றியது என்று 1927 ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி ஆதாரங்களுடன் மறுத்து எழுதினார். பேர்ட்வூட் போல எள்ளல் இல்லை. சிலைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் விமர்சனம் இது.

1947 ஓகஸ்ட் மாதத்தில் இந்தியா சுதந்திரம் பெற்றது. அதே மாதம் அவருக்கு 70 வயது நிறைந்தது. ஓய்வுபெற்று இந்தியாவுக்குச் சென்று வாழ எண்ணியிருந்தார். ஆனால் 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவில் நீடம் என்ற ஊரில் காலமானார்.

8. விமர்சனம் பற்றி அவர் கற்பித்தவை

அவருடைய எழுத்துகளிலிருந்து நாம் பெறக்கூடிய விமர்சன முறையைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

• முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பது விமர்சனம் ஆகாது.

• இந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும்.

• அந்த நோக்கம் நிறைவேறும் வகையில் செம்மையாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• அந்த நோக்கம் மனிதருக்கு நன்மை தருவதா என்பதையும் கேட்க வேண்டும். நன்றாகச் செய்த பொருள் எல்லாம் நல்ல பொருள் ஆகிவிடாது. இங்கேதான் கலையும் விழுமியமும் சந்திக்கின்றன.

• கலைத் திறன் ஒரு சிலருக்கே உரிய வரம் அன்று. தமது தொழிலை அறிந்து அக்கறையுடன் செய்யும் எவரிடமும் அது உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். பனையோலையில் இழைத்த கடகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாரம் தாங்குகிறதா, விளிம்பு கையை அறுக்காமல் இருக்கிறதா, சாயமிட்ட ஓலையின் கோலம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பது விமர்சனம். நகரத்துக் கடையில் வாங்கிய பையைப் போல இல்லையே என்று ஒதுக்குவது விமர்சனம் அன்று. அது பேர்ட்வூட் செய்த தவறையே நாமும் செய்வதாகும்.

9. அவர் கருத்துகள் மீதான விமர்சனம்

பரீட்சையில் ஒருவரை மதிப்பிடுமாறு கேட்டால் புகழ்ச்சி மாத்திரம் எழுதுதல் நிறைவான விடை ஆகாது. ஆனந்த குமாரசுவாமியின் கருத்துகளுக்கும் மறுப்புகள் உண்டு. பழைய சமூகத்தை அவர் அளவுக்கு மீறி அழகாகக் காட்டினார் என்பர் சிலர். நிலமும் தொழிலும் சாதியோடு கட்டுண்டிருந்த அச்சமூகத்தில் ஒருவர் விரும்பிய தொழிலைச் செய்யும் சுதந்திரம் இருக்கவில்லை. கைப்பணியாளரின் செம்மையைப் பேசியவர் அவர்களுடைய கட்டுப்பாடுகளுக்குப் போதிய இடம் தரவில்லை என்பது நியாயமான குறையே. இராஜபுத்திர, மொகலாய ஓவியங்களுக்கிடையே அவர் கண்ட அளவுக்கு இடைவெளி இல்லை என்றும், இரண்டும் ஒன்றிடம் ஒன்று பெற்றவை அதிகம் என்றும் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். இயந்திர உற்பத்தியை அவர் கண்டித்த கடுமையும் எல்லோராலும் ஏற்கப்படவில்லை.

இக்குறைகளைச் சொல்வதனால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. விளங்கிக்கொண்ட பின் தீர்ப்புச் சொல்லுங்கள் என்ற அவருடைய பாடத்தை அவர்மீதே பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

10. நிறைவாக

மாணவர்களே, இந்தப் பாடங்களால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்ட அந்த மாணவியின் கேள்விக்கு மீண்டும் வருவோம். கண்டிக் கிராமங்களில் ஒரு தொழில் அழிந்தபோது அழிந்தது பொருள் மட்டும் அன்று. தாம் செய்வதில் பெருமைப்பட ஒரு மனிதருக்கு இருந்த காரணமும் அழிந்தது. தம்முடையது தாழ்ந்தது என்று ஒரு மக்கள் கூட்டத்தை நம்பவைத்துவிட்டால், அவர்கள் தாமாகவே அதைக் கைவிட்டுவிடுவார்கள். அதைத் தடுப்பதற்குக் கண் வேண்டும், காது வேண்டும், காரணத்தோடு மதிப்பிடத் தெரிந்த அறிவு வேண்டும். அழகியற் பாடங்கள் பயிற்றுவிப்பது அதனைத்தான்.

கொழும்பில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. அவ்வழியால் போகும்போது பெயர்ப் பலகையை வாசித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ பாய் இழைக்கும், கோலம் போடும், கூத்துப் பாடும், தச்சு வேலை செய்யும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் இருந்து, அந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். ஆனந்த குமாரசுவாமியும் தமது ஆராய்ச்சியை அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினார்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1877 – கொழும்பில் பிறப்பு
1879 – தந்தையார் மறைவு
1900 – இலண்டனில் பட்டம் பெறல்
1903 – 1906 – கனிப்பொருள் அளவைப் பணிப்பாளர்
1905 – கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம்
1908 – மத்தியகால சிங்களக் கலை
1910 – இந்தியச் சங்கம் உருவாதல்
1912 – நடராசர் வடிவம் பற்றிய கட்டுரை
1916 – இராஜபுத்திர ஓவியம்
1917 – அபிநய தர்ப்பண மொழிபெயர்ப்பு, பொஸ்டனில் பணியேற்றல்
1918 – சிவ நடனம்
1927 – இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு
1934 – கலையில் இயற்கையின் மாற்றுரு
1947 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. கண்டிக் கைப்பணிகள் நலிவடைந்தமைக்கான காரணங்கள் மூன்றைத் தருக.
2. நடராசர் வடிவம் உணர்த்தும் ஐந்தொழில்களையும் உரிய உறுப்புகளுடன் குறிப்பிடுக.
3. வச்சிர மன்னன் கதை கலைகளின் உறவைப் பற்றி உணர்த்துவது யாது?
4. பேர்ட்வூட்டின் விமர்சனம், பூஷேயின் கருத்துக்கு ஆனந்த குமாரசுவாமி எழுதிய மறுப்பு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு, நல்ல விமர்சனத்தின் பண்புகளை விளக்குக.
5. உங்கள் பிரதேசத்தில் வழங்கும் கைப்பணி ஒன்றைத் தெரிந்து, பகுதி 8 இற் கூறப்பட்ட முறையில் மதிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுக.

குறிப்பு: ஐந்தாவது வினாவுக்கு விடை எழுத முன்னர் அக்கைப்பணியைச் செய்பவர் ஒருவரை நேரில் சந்தியுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதும் விடைக்கும் நேரில் பார்த்து எழுதும் விடைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.